நாற்பதை நெருங்கும்போது நீச்சல் பழக யாரிடம் போகலாம்?

திருகோணமலை உறவுகளுக்கு வணக்கம். கடற்கரை ஊரில் பிறந்தும் எனக்கு நீந்தத் தெரியாது. வயது நாற்பதை நெருங்குகிறது, இனியாவது பழகிவிட வேண்டும்.

டச் பேயில் இடுப்பளவு தண்ணீரில் நானே முயன்று பார்க்கிறேன். முகத்தைத் தண்ணீருக்குள் வைத்து மூக்கால் மெல்ல மூச்சுவிட வந்துவிட்டது. மல்லாந்து மிதக்கப் போனால்தான் பயத்தில் கழுத்து விறைத்து, இடுப்பு கீழே போய்விடுகிறது. உப்புத் தண்ணீரில் மிதப்பது சுகமாம், என் உடம்புக்கு அது இன்னும் விளங்கவில்லை!

டவுனிலோ உப்புவெளிப் பக்கமோ பெரிய ஆட்களுக்குப் பழக்கும் பெண் பயிற்றுநர் யாராவது இருக்கிறாரா? விடியற்காலை என்றால் நல்லது, அப்புறம் வேலைக்குப் போக வேண்டும். மாபிள் பீச்சில் அலை குறைவு, தொடங்க அது சரிவருமா, இல்லை நீச்சல் தடாகம்தான் நல்லதா? வாடைக்காற்று தொடங்கினால் கடல் குழம்பிவிடும், அதற்குள் மிதக்கவாவது வரவேண்டும்.

முழுக்கை உடுப்போடு நீந்தும் அக்காமார், தண்ணீரில் பாரம் ஏறாத துணி எது என்றும் சொல்லுங்கள். “இந்த வயதில் என்ன நீச்சல்” என்று கேட்க வீட்டிலேயே ஆள் இருக்கிறது, அதை மட்டும் இங்கே எழுத வேண்டாம்.