ஆம்ஸ்டர்டாம் பக்கத்துக் காற்றாலைக் கிராமம், அம்மாவோடு எது சரிவரும்?

ஈசூன்வாசி: ஜூன் பள்ளி விடுமுறைக்குப் போகிறோம், கையில் ஒரே நாள், அம்மாவுக்கு முழங்கால் வலி வேறு. ஸான்ஸே ஸ்கான்ஸா, கிண்டர்டைக்கா?

தேக்காக்காரி: ஸான்ஸே ஸ்கான்ஸ்தான். ரயிலில் 20 நிமிடத்துக்குள், அப்புறம் பாலம் தாண்டிக் கொஞ்சம் நடை. 'டி கட்' ஆலையை விடாதீர்கள், ஆளுயரக் கல் சக்கரங்கள் உருண்டு உருண்டு சாயப்பொடி அரைக்கும், நம் ஆட்டுக்கல்லுக்கு அண்ணன். மேலே போகும் படி ஏணி மாதிரி செங்குத்து, அம்மா கீழேயே நிற்கட்டும். காற்று இல்லாவிட்டால் இறக்கை சுற்றாது.

உட்லண்ட்ஸ் தம்பி: அங்கே பல வீடுகள் 1960களில் வேறு இடத்திலிருந்து பெயர்த்துக் கொண்டுவந்து வைத்தவை, எனக்கு என்னவோ ஒட்டவில்லை. கிண்டர்டைக்கில் 19 ஆலைகள், பெரும்பாலானவை 1740 வாக்கில் தண்ணீர் இறைக்கக் கட்டிய அதே இடத்தில் நிற்கின்றன. ஆனால் ராட்டர்டாம் வரை போகணும்.

ஈசூன்வாசி: சரி அக்கா, முழங்கால்தான் முடிவு செய்கிறது. நன்றி தம்பி.