இரண்டாம் உலகப் போர்க் காலத்து மலேயா, சுமத்ரா நாவல் வரிசை: பெயர் தெரிந்தவர்கள் உதவ வேண்டுகிறேன்

பெட்டிப்புத்தகம் (கேள்வி)

வணக்கம். ஏறத்தாழ இருபது ஆண்டுகளுக்கு முன் கோலாலம்பூரில் வேலை பார்த்தபோது, அறையில் உடன் தங்கியிருந்தவரின் தகரப் பெட்டியிலிருந்து சில தமிழ் நாவல்களை எடுத்து ஒன்றன்பின் ஒன்றாகப் படித்தேன். எல்லாம் ஜப்பானியர் ஆட்சிக் காலத்தில் நடப்பவை. அட்டையும் முதல் சில தாள்களும் கிழிந்துபோன தடித்த நூல் ஒன்றும் அவற்றில் இருந்தது. மூன்று பாகங்கள் கொண்ட ஒரே தொடர் என்ற எண்ணமே என் மனத்தில் தங்கியிருக்கிறது. ஆசிரியர் பெயரோ நாவலின் பெயரோ நினைவில் இல்லை.

நினைவில் நிற்பவை இவைதாம். ஜப்பானியப் படை ஊருக்குள் நுழைந்ததும் வெட்டப்பட்ட தலைகள் தெருவில் காட்சிக்கு வைக்கப்படுகின்றன. நாயகன் தொங்கான் என்னும் சரக்குப் பாய்மரக் கப்பலில் கடலைக் கடக்கும்போது புயலில் சிக்குகிறான். அந்தப் பக்கங்களைப் படித்த இரவில் எனக்கு உறக்கம் வரவில்லை. இடையிடையே மதுரைத் தெருக்களை அவன் நினைத்துக்கொள்கிறான். பின்னர் நேதாஜியின் படையில் சேர்ந்து திரும்பி வருபவனுக்கு, வட்டிக்கடை முதலாளி தம் மகளைக் கொடுக்க மறுக்கிறார். இறுதிப் பாகத்தில் ரப்பர் தோட்டத்து மக்களை லயங்களிலிருந்து, அதாவது தொழிலாளர் வரிசை வீடுகளிலிருந்து, சயாமுக்கு (இன்றைய தாய்லாந்துக்கு) ரயில் பாதை போட அழைத்துப் போகிறார்கள். காட்டில் வாந்திபேதி கண்டு கும்பல் கும்பலாக மடிகிறார்கள். இந்தத் தொடரின் பெயர் என்ன, மூன்று பாகங்களும் இப்போது கிடைக்குமா என்று தெரிந்தவர்கள் கூறினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

பழையபதிப்பு

தலைகளும் தொங்கானும் மதுரையும் ஒரே நூலில் வருகின்றன என்றால் ஐயத்துக்கு இடமில்லை, அது ப. சிங்காரத்தின் ‘புயலிலே ஒரு தோணி’. 1942 மார்ச்சில் ஜப்பானியர் சுமத்ராவின் மெடான் நகருக்குள் நுழைவதில் கதை தொடங்குகிறது. நாயகன் பாண்டியன்.

முதலாளி மகளைக் கொடுக்க மறுக்கும் கதையும் சிங்காரத்தினுடையதே என்றாலும், அது ‘கடலுக்கு அப்பால்’ என்ற வேறொரு நாவல். அதன் களம் பினாங்கு, நாயகன் செல்லையா, பெண் மரகதம். இந்திய தேசிய ராணுவத்தில் துப்பாக்கி பிடித்துப் பழகியவன் இனிப் பெட்டியடியில் (பணப்பெட்டி முன்) அமர்ந்து ‘கொண்டுவிற்கும்’ வட்டித் தொழிலுக்கு ஒத்துவர மாட்டான் என்பது முதலாளி வானாயீனாவின் கணக்கு. அவரைக் கொடியவராகக் காட்டாமல், தொழிலையும் குடும்பத்தையும் கட்டிக் காக்க வேண்டிய மனிதராகவே சிங்காரம் காட்டியிருப்பதால்தான் அந்த மறுப்பு இத்தனை ஆண்டுகளுக்குப் பின்னும் தங்கள் நினைவில் நிற்கிறது என்று எண்ணுகிறேன்.

இவ்விரண்டையும் ஒரே கதையாகத் தாங்கள் படித்திருப்பதற்குக் காரணம் அந்தத் தடித்த நூலாகவே இருக்க வேண்டும். தமிழினி பதிப்பகம் இரு நாவல்களையும் ஒரே நூலாகச் சேர்த்து வெளியிட்டது. இரண்டிலும் போர், வட்டிக்கடை, ராணுவம், பினாங்கு எல்லாம் பொதுவாக இருக்கும்போது, முகப்புத் தாள் இல்லாத பிரதியில் ஒன்று முடிந்து மற்றொன்று தொடங்குவதை எளிதில் கவனிக்க முடியாது.

மூன்றாம் பாகம் ஒன்று இருக்க வழியில்லை, ஏனெனில் சிங்காரம் எழுதிய நாவல்கள் இரண்டே. ‘கடலுக்கு அப்பால்’ கலைமகள் போட்டியில் பரிசு பெற்று 1959-இல் நூலானது. ‘புயலிலே ஒரு தோணி’ எழுதப்பட்டு நெடுங்காலம் பதிப்பாளர் கிடைக்காமல் கிடந்து, 1972-இல்தான் வெளிவந்தது. அதன்பின் 1997-இல் மறையும்வரை அவர் வேறு நாவல் எழுதவில்லை. இன்று தமிழின் தலைசிறந்த நாவல்களுள் ஒன்றாகப் பலர் சொல்லும் ஒரு படைப்புக்கு அக்காலத்தில் கிடைத்த வரவேற்பு அவ்வளவுதான்.

ஈயவயல்

மேலே நண்பர் கூறியது சரி. ரயில் பாதைப் பகுதியை மட்டும் சிங்காரத்தின் கணக்கிலிருந்து எடுத்துவிட வேண்டும். அவருடைய உலகம் மெடானிலும் பினாங்கிலும் இருந்த கடைத்தெரு. மேலாள், அடுத்தாள், பெட்டியடிப் பையன் என்று படிப்படியாக அமைந்த வட்டிக்கடை உலகம். இளமையில் அவரே மெடானில் ஒரு கடையில் வேலை பார்த்தவர். தோட்டத்து லயங்களில் வாழ்ந்த கூலித் தொழிலாளர்களின் பாடு அவருடைய கதைகளின் மையம் அன்று.

பர்மாவுக்கும் சயாமுக்கும் இடையே ஏறத்தாழ 415 கிலோமீட்டர் நீளத்துக்கு ஜப்பானியர் போட்ட அந்தப் பாதை 1942-இல் தொடங்கி 1943 அக்டோபரில் இணைக்கப்பட்டது. பிரிட்டிஷ், ஆஸ்திரேலியப் போர்க் கைதிகளைப் பற்றி ஆங்கிலத்தில் ஏராளமாக எழுதிவிட்டார்கள். மலேயாத் தோட்டங்களிலிருந்து கொண்டுபோகப்பட்ட தமிழர்களைப் பற்றிப் பெரும்பாலும் மலேசியத் தமிழ் எழுத்தாளர்கள்தாம் எழுத வேண்டியிருந்தது. எனக்குத் தெரிந்து இங்கே பொருந்தக்கூடியவை இரண்டு: ஆர். சண்முகத்தின் ‘சயாம் மரண ரயில்’, அ. ரெங்கசாமியின் ‘நினைவுச் சின்னம்’. தாங்கள் கோலாலம்பூரில் படித்ததாகக் கூறுவதால் இரண்டுமே கைக்கு எட்டியிருக்கக் கூடியவை. ரப்பர் தோட்டம் என்றதும் அகிலனின் ‘பால்மரக் காட்டினிலே’யை யாராவது சொல்லக்கூடும், அது போர்க்காலக் கதை அன்று, ஆகவே அதைத் தேடிப் பொழுதைச் செலவிட வேண்டாம்.

இரண்டில் எது என்று முடிவு செய்ய ஒரு வழி இருக்கிறது. ரெங்கசாமி அந்தக் காலகட்டத்தை ஒரு நாவலோடு விட்டுவிடவில்லை. ஜப்பானியர் ஆட்சியைப் பற்றி ‘புதியதோர் உலகம்’, ரயில் பாதையைப் பற்றி ‘நினைவுச் சின்னம்’, இந்திய தேசிய ராணுவத்தைப் பற்றி ‘இமையத் தியாகம்’, போருக்குப் பின் கம்யூனிஸ்டுகள் காட்டுக்குள் சென்ற அவசரகாலத்தைப் பற்றி ‘லங்காட் நதிக்கரை’ என்று அடுத்தடுத்து எழுதினார். தொடர் என்று அவற்றுக்குப் பெயரில்லை. ஆனால் சேர்த்துப் படிப்பவருக்கு ஒரு வரிசையாகவே தோன்றும். இவற்றுள் வேறு ஏதேனும் பெட்டியில் இருந்ததாக நினைவிருக்கிறதா?

பெட்டிப்புத்தகம்

இருவருக்கும் மிக்க நன்றி. பாண்டியன், செல்லையா என்ற பெயர்களைப் பார்த்ததுமே தெளிந்துவிட்டது. வானாயீனா என்ற பெயரை எப்படி மறந்தேன் என்றுதான் வியப்பாக இருக்கிறது. பெட்டியில் ‘நதிக்கரை’ என்று முடியும் பெயருடைய மெல்லிய நூல் ஒன்றும் இருந்தது. கம்யூனிஸ்டுகளுக்கு அரிசி கொடுத்தார்கள் என்ற ஐயத்தில் ராணுவம் வந்து சோதனையிடும் காட்சிகளை அதில் படித்ததாக நினைவு. அப்படியானால் ரயில் பாதை நாவலும் ரெங்கசாமியுடையதாக இருப்பதற்கே வாய்ப்பு அதிகம் என்று கொள்ளலாமா?

இன்னொன்று: சிங்காரத்தின் இரண்டையும் மறுபடி படிப்பதானால் எதிலிருந்து தொடங்குவது?

ஈயவயல்

கொள்ளலாம். ‘லங்காட் நதிக்கரை’யை வாங்கிவந்தவரே ரயில் பாதை நாவலையும் வாங்கியிருப்பார். ‘நினைவுச் சின்னம்’ முதலில் தேடுங்கள். லயத்திலிருந்து ஆள் பிடித்துப்போகும் பகுதியைப் படித்ததும் அதுதானா என்பது தெரிந்துவிடும். இல்லையென்றால் மிஞ்சுவது சண்முகம் ஒருவரே. மலேசியப் பதிப்புகள் தமிழ்நாட்டுக் கடைகளில் அபூர்வம் என்பதால், கோலாலம்பூரில் இருக்கும் நண்பர் யாரிடமாவது சொல்லிவைப்பது நல்லது.

பழையபதிப்பு

‘புயலிலே ஒரு தோணி’யிலிருந்தே தொடங்குங்கள். பின்னால் வெளிவந்தது என்றாலும் கதைக் காலத்தில் அது முந்தியது, 1942-இல் தொடங்குகிறது. ‘கடலுக்கு அப்பால்’ போர் முடிந்து படை கலைந்தபின் வீடு திரும்பியவனைப் பற்றியது. போரின்போது புழங்கிய ஜப்பான் நோட்டு வெறும் தாளாகிப்போய், பிரிட்டிஷார் திரும்பி வந்து, கடைகள் மீண்டும் ஏட்டைத் திறக்கும் நேரம் அது. முதல் நாவலின் இரைச்சலையெல்லாம் கேட்டுவிட்டு வந்து படித்தால், வானாயீனா ஏன் கணக்குத் தெரிந்த மாப்பிள்ளையைத் தேடுகிறார் என்பது இன்னும் நன்றாக விளங்கும். புயல் வரும் அத்தியாயத்தை இம்முறை பகலில் படிப்பது தங்களுக்கு நல்லது.