நிலத்தடித் தண்ணீர் அனுபவங்கள்: சுரங்கத்தில் பார்த்ததும் எழுதலாம்

தேவிபட்டினத்துக்காரர்:
எல்லோரும் ஆழ்துளைக் கிணறு (போர்) உப்பான கதையே எழுதுகிறீர்கள், நான் வேறு தண்ணீரைச் சொல்கிறேன். ஜார்க்கண்டில் ஒரு நிலக்கரிச் சுரங்கத்தில் பம்ப் பார்க்கிற வேலையில் இருந்தேன். அங்கே நிலக்கரி பராக்கர் மணற்பாறை அடுக்குகளுக்கு நடுவே கிடக்கிறது. மணற்பாறை வெடிப்புகளில் தண்ணீர் இருக்கும், இடையில் வருகிற களிப்பாறை அதைக் கீழே விடாமல் தாங்கும். தூண் தூணாக நிலக்கரியை விட்டுவைத்து வெட்டுகிற வரை கூரையில் வெறும் சொட்டுதான். கூரை விழாமல் இருக்க போல்ட் முடுக்கிய தகட்டின் விளிம்பில் துரு நிறத்தில் ஒரு துளி திரண்டு, விழாமல் ரொம்ப நேரம் தொங்கும். அப்புறம் அந்தத் தூண்களையும் எடுப்பார்கள். கூரை இடிந்து விழும், அந்த இடத்துக்கு கோஃப் என்று பெயர். வெடிப்பு மேலே ஏறிக்கொண்டே போய், களிப்பாறையையும் பிளந்து தண்ணீர் அடுக்கைத் தொட்டுவிட்டால் கொட்டத் தொடங்கிவிடும். பம்ப் ராப்பகலாக ஓடும், மேலே ஊர்க் கிணறு இறங்கும்.

ஆனால் உள்ளே இருப்பவனுக்குப் பாறைத் தண்ணீர் பயமில்லை. வெட்டிக் கைவிட்ட பழைய சுரங்கத்தில் தேங்கி நிற்கிறதே, அதுதான் பயம். 1975 டிசம்பர் 27-இல் தன்பாத் பக்கம் சாஸ்நாலா சுரங்கத்தில் அது உடைத்துக்கொண்டு வந்து 370-க்கும் மேல் உயிர் போனது. 1989-இல் ராணிகஞ்ச் பக்கம் மகாவீர் சுரங்கத்திலும் அதேதான். நல்லவேளை, அங்கே ஜஸ்வந்த் சிங் கில் என்ற சுரங்கப் பொறியாளர் மேலிருந்து துளை போட்டு, ஓர் ஆள் நிற்கிற இரும்புக் கூண்டை இறக்கி 65 பேரை ஒவ்வொருவராக மேலே ஏற்றினார். பழைய சுரங்கத்தை 60 மீட்டருக்குள் நெருங்கினால் அனுமதி வாங்கி, முன்னால் துளை போட்டுப் பார்த்துத்தான் வெட்ட வேண்டும் என்று விதி உண்டு. எங்கள் சர்தார், அதாவது உள்ளே வேலையை மேற்பார்க்கிறவர், அதோடு விடமாட்டார். நிலக்கரிச் சுவர் வேர்க்கிறதா என்று கையால் தடவுவார், அழுகிய முட்டை நாற்றம் வருகிறதா என்று மோந்து பார்ப்பார்.

கீழக்கரைக்காரர்:
அண்ணே, இங்கேயும் இழுக்கிற பக்கம்தான் தண்ணீர் வருகிறது. எங்கள் தெருவில் ஆழப்படுத்த ஆழப்படுத்த உப்பு. மணலில் நல்ல தண்ணீர் கடல் தண்ணீர் மேலே மிதக்கிறது, கடல் மட்டத்துக்கு மேல் 1 மீட்டர் இருந்தால் கீழே சுமார் 40 மீட்டர் இருக்கும் என்று கணக்கு. மேலே 1 மீட்டர் இறைத்தால் கீழே அத்தனையும் போச்சு. தனுஷ்கோடியில் மணலைத் தோண்டிச் சிரட்டையால் மொண்டு எடுக்கிறார்கள், அவ்வளவு பக்கத்தில் கடல் இருந்தும் இனிக்கிறது. அங்கே மோட்டாரை வைத்தால் தெரியும்.

தொண்டிக்காரர்:
என் மாமா நெய்வேலியில் இருந்தவர். அது திறந்தவெளிச் சுரங்கம், ஆனால் அங்கே தண்ணீர் கீழேயிருந்து தள்ளுகிறது. பழுப்பு நிலக்கரிக்கு அடியில் அழுத்தத்தோடு ஒரு நீரடுக்கு இருக்கிறது. வெட்டும் முன்பே சுற்றிலும் போர் போட்டு அழுத்தத்தைக் குறைக்காவிட்டால் தரையே பொங்கிவிடும் என்பார். சரி, எனக்கு ஒரு சந்தேகம். நிலத்தடிச் சுரங்கத்தை மூடிப் பம்பை நிறுத்தினால் ஊர்க் கிணறு திரும்ப ஊறுமா?

தேவிபட்டினத்துக்காரர்:
மட்டம் ஏறும் தம்பி, வருஷக்கணக்கில் மெதுவாக ஏறும். ஆனால் பழைய தண்ணீர் வராது. நிலக்கரியோடு இருக்கிற பைரைட் என்ற கந்தக இரும்பு, காற்று பட்டுத் தண்ணீரில் கரையும்போது அமிலமாகிவிடும். எல்லா இடத்திலும் அப்படி ஆகாது, சுண்ணாம்புள்ள பாறை இருந்தால் அமிலம் அடங்கிவிடும். இல்லாவிட்டால் ஓடையில் செங்காவிப் படிவு தெரியும். கிணறு நிறைந்ததும் குடிக்க ஓடாமல் முதலில் சோதிக்கக் கொடுக்கச் சொல்லுங்கள்.