மனநோய் மாத்திரை, ஆன்டிஆக்ஸிடன்ட் டப்பா: வேலையிடத்தில் நாம் பார்ப்பது

ஈரோடு, மருந்துக்கடை

ரிஸ்பெரிடோன்ங்கற மனநோய் மாத்திரைச் சீட்டோட வர்ற ஆம்பளைங்க சில பேரு கூடவே ஒரு ஆன்டிஆக்ஸிடன்ட் டப்பாவும் (செல்லைச் சேதத்துல இருந்து காக்கும்னு விக்கற சத்து மாத்திரை) கேக்கறாங்க. கோஎன்சைம் க்யூ10, எல்-கார்னிடைன், லைகோபீன், ஜிங்க், செலினியம் எல்லாம் ஒரே மாத்திரையில. “விந்தணு கூடும்னு சொன்னாங்க” என்பாங்க. அதை எடுத்துக் குடுக்கறதுக்கு முன்னால கேக்க வேண்டியது ஒண்ணுதானுங்க: பால் சுரக்க வெக்கற ஹார்மோனான புரோலாக்டினை ரத்தத்துல பாத்தாச்சா?

சிக்கல் தொடங்கற எடம் மூளைங்க. பிட்யூட்டரி சுரப்பி புரோலாக்டினை அளவுக்கு மீறி விடாம அடக்கி வெக்கறது டோபமைன்ங்கற மூளை ரசாயனம். மனநோய் மருந்து டோபமைன் வந்து ஒட்டற எடத்தை, அதாவது டி2 ஏற்பியை, அடைக்குது. அடக்க ஆளில்லாம புரோலாக்டின் ஏறுது, ஏறுனது விந்தகத்தையும் சினைப்பையையும் வேலை வாங்கற எல்ஹெச், எஃப்எஸ்ஹெச் ஹார்மோன் ரெண்டையும் எறக்கிப்போடும். ஆம்பளைக்கு ஆசையும் விறைப்பும் குறையும், சிலருக்கு மார்பு வீங்கும். பொம்பளைக்கு மாதவிலக்கு தள்ளிப்போகும், பிள்ளை பெறாமயே பால் கசியும். இதுல எந்தப் படியையும் அந்த டப்பா தொடறதில்லீங்க.

அதிகமா ஏத்தறது ரிஸ்பெரிடோன், பாலிபெரிடோன், அமிசல்பிரைடு, ஹாலோபெரிடால். குவெட்டியாபின், குளோசபின் ரொம்பக் கம்மி. அரிப்பிப்ரசோல் பல பேருக்கு எறக்கவே செய்யும்.

யாரும் கணக்குல எடுக்காதது கேஸ் மாத்திரை. பேன்டோபிரசோலோட டாம்பெரிடோன், ராபிபிரசோலோட லெவோசல்பிரைடு சேர்ந்து வருதுங்களே, அந்த டாம்பெரிடோனும் லெவோசல்பிரைடும் அடைக்கறது அதே டி2-வைத்தான். வயித்து டாக்டர் எழுதுனது மனநல டாக்டருக்குத் தெரியாது. ரெண்டு சீட்டையும் ஒண்ணா வெச்சுக் காட்டுங்க, வெறும் பேன்டோபிரசோல் போதுமான்னு கேளுங்க.

திருப்பூர், ரத்தப் பரிசோதனைக்கூடம்

ஈரோட்டுக்காரர் சொன்ன புரோலாக்டின் டெஸ்டை எப்படிக் குடுக்கறதுன்னும் தெரிஞ்சுக்கோங்க. தூக்கத்துல புரோலாக்டின் தானாவே ஏறும். அதனால எந்திரிச்சு ரெண்டு, மூணு மணி நேரம் கழிச்சு, வெறும் வயித்துல வரணும். வந்ததும் அரை மணி நேரம் சும்மா உக்காரணும். பனியன் கம்பெனியில நைட் ஷிப்ட் பாக்கறவங்க எப்பத் தூங்கி எப்ப எந்திரிச்சாங்கன்னு சொல்லிடணும்.

பல டப்பாவுல பயோட்டின்ங்கற வைட்டமினும் இருக்கும், முடி கொட்டறதுக்கு விக்கற மாத்திரையில 5, 10 மில்லிகிராம்கூட இருக்கும். நெறைய மெஷின்ல டெஸ்டே பயோட்டின் பிணைப்பை வெச்சுத்தான் ஓடுது. ரத்தத்துல பயோட்டின் மிதந்தா புரோலாக்டினும் எல்ஹெச்சும் நெசத்தைவிடக் கம்மியா காட்டும், ஆண் ஹார்மோனான டெஸ்டோஸ்டிரோன் நெசத்தைவிட அதிகமா காட்டும். உடம்புல இருக்கற கோளாறு ரிப்போர்ட்டுல மறைஞ்சு போயிடும். 3 நாளைக்கு முன்னாலயே பயோட்டினை மட்டும் நிறுத்துங்க. மனநோய் மாத்திரையை ஒரு வேளைகூட விடக்கூடாது.

விந்துப் பரிசோதனைக்கு 2 முதல் 7 நாள் இடைவெளி வேணும். வீட்டுல எடுத்தா உடம்புச் சூட்டோட ஒரு மணி நேரத்துக்குள்ள வந்து சேரணும். ஆணுறையில பிடிச்சுக் கொண்டாந்தா பிரயோஜனமில்ல, அதுல தடவியிருக்கறது அணுவைக் கெடுத்துடலாம். உலக சுகாதார நிறுவனம் 2021-ல வெச்ச கீழ் எல்லை: அளவு 1.4 மில்லி, ஒரு மில்லிக்கு 1.6 கோடி அணு, அசைவு 42 சதவீதம்.

உச்சம் வருது, ஆனா சில துளிதான் வெளிய வருதுன்னா, உடனே பிடிச்ச சிறுநீரையும் சேர்த்துக் குடுங்க. சுழற்றி அடியில படிஞ்சதை மைக்ரோஸ்கோப்புல வெச்சா அணு கூட்டமா கெடக்கும். ரிஸ்பெரிடோன் மாதிரி மருந்து, மூத்திரப்பை வாய்த் தசையைச் சுருங்க வெக்கற ஆல்ஃபா-1 ஏற்பியை அடைக்கறதால மூத்திரப்பை வாய் சரியா மூடாம, விந்து பின்னால போயிடுது. இதுக்குக் கோஎன்சைம் எத்தனை தின்னும் ஆகப்போறது ஒண்ணுமில்ல.

நாமக்கல், மருந்தியல் ஆசிரியர்

டப்பாவை மொத்தமாகத் தள்ளவும் வேண்டாம், நம்பிக் கிடக்கவும் வேண்டாம். மனநோய் மருந்து கொடுத்த எலிகளின் விந்தகத்தில் ஆக்ஸிஜனேற்றச் சேதம் இருந்ததையும், ஆன்டிஆக்ஸிடன்ட் சேர்த்தபோது அது குறைந்ததையும் ஆய்வகங்களில் பார்த்திருக்கிறார்கள். எலிக்குக் கிடைத்தது மனிதருக்கும் கிடைக்கும் என்று அதை வைத்துச் சொல்ல முடியாது. 2020-இல் அமெரிக்காவில் வெளியான ‘மாக்ஸி’ ஆய்வில் வைட்டமின் சி, ஈ, செலினியம், கார்னிடைன், ஜிங்க், லைகோபீன் எல்லாம் சேர்த்துக் கொடுத்தும் விந்தணுவின் தரத்தில் முன்னேற்றம் இல்லை. அது மனநோய் மருந்து சாப்பிடுகிறவர்களுக்கென நடத்திய ஆய்வு அல்ல. பொதுவாகவே பலன் தெரியவில்லை என்றால், புரோலாக்டின் ஏறியவர்கள் என்ன எதிர்பார்ப்பது?

அளவும் முக்கியம். தினம் 400 யூனிட் வைட்டமின் ஈ மட்டும் சாப்பிட்ட ஆண்களுக்கு புராஸ்டேட் புற்றுநோய் 17 சதவீதம் கூடியதை ‘செலக்ட்’ ஆய்வு 2011-இல் காட்டியது. செலினியம் மிகுந்தால் முடி உதிரும், நகம் உடையும். எங்கள் ஊர் முட்டையிலேயே செலினியம் இருக்கிறது.

ஓர் அணு உருவாக ஏறக்குறைய 74 நாள். மருந்தை மாற்றி மூன்றே வாரத்தில் விந்து டெஸ்ட் எடுத்துவிட்டுச் சோர்ந்துபோகாதீர்கள். மூன்று மாதம் கழித்து எடுங்கள்.

கோபி, நாட்டு மருந்துக்கடை

ஆண்மைக்குன்னு பூனைக்காலி விதைப் பொடி கேட்டு வருவாங்க. அதுல இயற்கையாவே எல்-டோபா இருக்குதுங்க, உடம்புக்குள்ள போய் டோபமைனா மாறும். புரோலாக்டின் எறங்கலாம், ஆனா மனநோய் மருந்து அடக்கி வெச்ச, காதுல கேக்கற கொரலும் சந்தேகமும் திரும்பி வந்துபோடலாம். அதனால “மனநல மாத்திரை ஓடுதுங்களா?”ன்னு கேக்காம இந்தப் பொடியை நிறுத்துக் குடுக்கப்படாது. அமுக்கராவும் (அஸ்வகந்தா) தூக்கத்தைக் கூட்டும், சிலருக்கு ஈரலைக் கெடுத்திருக்குது. நாமக்கல் லோடு ஓட்டற டிரைவர்க இதைக் கவனிக்கோணும்.

கோயமுத்தூர், மனநல வார்டு நர்ஸ்

பொம்பளைங்க விஷயம் நான் சொல்றேனுங்க. ரிஸ்பெரிடோன்ல மாதவிலக்கு நின்னவங்க “இனிக் குழந்தை தரிக்காது”ன்னு நெனச்சுக்கறாங்க. அரிப்பிப்ரசோலுக்கு மாத்துனதும் மாதவிலக்கு வர்றதுக்கு முன்னாலயே முட்டை வெளியாகிடலாம். ரத்தப்போக்கையே பாக்காம கர்ப்பமாகிடலாம். மாத்தற அன்னைக்கே கருத்தடையைப் பத்திப் பேசிடணும். சீட்டுல வால்ப்ரோயேட் (வலிப்புக்கும் மனநிலை ஏத்த இறக்கத்துக்கும் குடுக்கற மாத்திரை) இருந்தா அதைவிட அவசரம், அது கருவோட முதுகுத்தண்டைப் பாதிக்கலாம். குழந்தை வேணுங்கறவங்க கர்ப்பத்துக்கு முன்னாலயே டாக்டர்கிட்டச் சொல்லி மாத்திக்கணும். பல மாசம் மாதவிலக்கு இல்லாம விட்டா எலும்பும் தேயும்.

புரோலாக்டினை எறக்க டாக்டர் பாக்கற வழி பொதுவா இப்படித்தான்: டோசைக் குறைக்கறது, வேற மருந்துக்கு மெதுவா மாத்தறது, இல்லைன்னா குறைஞ்ச டோசுல அரிப்பிப்ரசோல் சேக்கறது. அது ரொம்ப ஏறி தலைவலி, பார்வை ஓரத்துல மங்கல் இருந்தா மூளைக்கு எம்ஆர்ஐ ஸ்கேன். மாசத்துக்கொருக்கா ஊசி போடறவங்களுக்கு, ஃப்ளூஃபெனசின் மாதிரி எண்ணெய் ஊசின்னா, நிறுத்தியும் புரோலாக்டின் எறங்க மாசக்கணக்காகும்.

வெக்கத்துல சொல்லாம விடறது ஒண்ணு இருக்குது. ஆசையில்லாமயே விறைப்பு எறங்காம வலிச்சா, 4 மணி நேரம் தாண்டறதுக்குள்ள அவசரப் பிரிவுக்கு வந்திடணும். குளோர்ப்ரோமசின், ரிஸ்பெரிடோன், குவெட்டியாபின் எதுலயும் அரிதா வரும். நேரம் போனா தசை நெரந்தரமாக் கெட்டுப்போகும். வர்றப்ப மாத்திரை அட்டையைக் கையில எடுத்துட்டு வாங்க.