பர்ஸ்ட் இயர் பசங்க வராங்க, சீனியர்ஸ் கொஞ்சம் ஐடியா குடுங்க

அண்ணா அக்கா எல்லாருக்கும் வணக்கம். அடுத்த வாரம் பர்ஸ்ட் இயர் பசங்க வராங்க, வெல்கம் வேலைய இந்த தடவை தேர்ட் இயர் எங்க தலைல கட்டிட்டாங்க. ரோஜாப்பூ, சாக்லேட், பிரின்சிபால் ஸ்பீச்லாம் நடந்துரும். அதுக்கப்புறம்தான் சிக்கலே. பாதிப்பேர் கிராமத்துலருந்து டவுன் பஸ்ல வர்றவங்க, கடைசி பெல் அடிச்சதும் பைய மாட்டிக்கிட்டு ஸ்டாப்புக்கு ஓடுறாங்க, அந்த பஸ்ஸ விட்டா அடுத்தது இருட்டினப்புறம்தான், இதுல எங்க போய் கிளப்பு, கல்ச்சுரல்ஸ்னு கூப்பிடறது?

என்எஸ்எஸ்ல சேந்தா வருஷத்துக்கு 120 மணி நேரம் வேலை, கூட ஒரு 7 நாள் கேம்ப். கேம்ப்னாலே பல வீட்ல பொண்ணுங்கள விடமாட்றாங்க. வீட்ல பேசி சம்மதிக்க வெச்ச அக்கா யாராச்சும் இருந்தா எப்படி பேசுனீங்கன்னு சொல்லுங்க, முடிஞ்சா அன்னைக்கு நேர்ல வந்து அவங்க அம்மாங்ககிட்ட ரெண்டு வார்த்தை பேசுங்க ப்ளீஸ்.

சீனியர் கூப்பிட்டாலே ராகிங்னு மிரள்றாங்க வேற. 1997லயே தமிழ்நாட்டுல தடைச்சட்டம் வந்தாச்சு, இன்னும் பாட சொல்லு ஆட சொல்லுன்னு நிக்கிற ஆளுங்க இருக்கத்தான் செய்றாங்க (எனக்கு அது ஜாலியாவே தெரியல). மேடை ஏத்தாம கூச்சத்த போக்க என்ன கேம் வெக்கலாம்?

அப்புறம் புதுமைப்பெண், தமிழ்ப்புதல்வன் மாசம் 1000 ரூபா வாங்க அப்ளை பண்ண ஒரு டேபிள் போடறோம், பேங்க் அக்கவுண்ட்ல ஆதார் லிங்க் ஆகாம நிறைய பேர் முழிப்பாங்க, லேப்டாப்போட ரெண்டு பேர் காலைல வந்தா போதும். வர்றவங்க கமெண்ட்ல சொல்லுங்க, சாப்பாடு நம்ம கேன்டீன்ல.