சாச்சாவின் எம்6-ஆ, புது ஆட்டோஃபோகஸா? பாசி எடுப்பவர்களும் பூநாரையும்

கீழக்கரையான்
எல்லோருக்கும் வணக்கம். ஒரு கேமராவுக்குத்தான் காசு இருக்கிறது, அதனால்தான் கேட்கிறேன். சிங்கப்பூரில் இருந்த என் சாச்சா தன் லைக்கா எம்6 ஃபிலிம் கேமராவை, 35 மிமீ எஃப்/2 லென்ஸோடு, வெளிவிலையைவிட நன்றாகக் குறைத்து எனக்குத் தருகிறேன் என்கிறார். அந்தப் பணத்தோடு கொஞ்சம் கடன் வாங்கினால் ஆட்டோஃபோகஸ் உள்ள டிஜிட்டல் கேமரா நிக்கான் இசட்6 மூன்றாம் பதிப்பும் 180-600 மிமீ லென்ஸும் வந்துவிடும். எடுக்க நினைப்பது இரண்டு விஷயம். சின்னப்பாலம் பக்கம் கடல்பாசி எடுக்கும் பெண்கள், கரைவலை இழுப்பவர்கள்: இதை ஒரு வருடமாவது தொடர்ந்து எடுக்க ஆசை. அப்புறம் சீசனில் தனுஷ்கோடிக்கு வரும் பூநாரை. பாம்பன் பாலமும் ரயிலும் வேண்டாம், 2025 ஏப்ரலில் புதுப் பாலம் திறந்ததிலிருந்து ரோட்டுப் பாலத்தில் கேமராவோடு நிற்க இடமே இல்லை.

பனங்காடை
பூநாரை என்று எழுதிய இடத்திலேயே உங்கள் கேள்விக்குப் பதில் வந்துவிட்டது தம்பி. இரண்டு பிம்பத்தை ஒன்று சேர்த்துக் கையால் ஃபோகஸ் செய்கிற எம் கேமராவின் ரேஞ்ச்ஃபைண்டர் 135 மிமீ வரைதான் வேலைக்கு ஆகும். அந்த 135-ஐயே வியூஃபைண்டரில் ஒரு தீப்பெட்டி அளவுக் கட்டத்துக்குள் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். கோதண்டராமர் கோயில் பக்கத்து உப்பங்கழியில் பறவைகள் எவ்வளவு தூரத்தில் நிற்கும் என்று போய்ப் பாருங்கள். 35 மிமீ-இல் எடுத்தால் தண்ணீர் மேல் ரோஸ் கலரில் ஒரு கோடு தெரியும், அவ்வளவுதான். கிட்டப் போகலாமே என்று யாராவது சொல்வார்கள். போகக் கூடாது. கூட்டம் மொத்தமாக எழும்பினால் அன்றைய மேய்ச்சல் கெட்டது. 2025-இல் அந்த இடத்தைப் பூநாரைச் சரணாலயமாக அறிவித்திருப்பது சும்மா இல்லை. 600 மிமீ, பறவைக் கண்ணைத் தானே பிடிக்கும் ஆட்டோஃபோகஸ், சத்தமில்லாத ஷட்டர். இதற்கு மாற்று கிடையாது.

கச்சான்
பனங்காடைக்கு உலகமே பறவைதான். தம்பி ஒரு வருடம் எடுக்கப் போவது மனிதர்களை, பறவை சீசன் விருந்தாளி. முக்கால் பங்கு வேலைக்குத்தான் கேமரா வாங்க வேண்டும்.

நம் கடற்கரையில் வெளிச்சத்துக்குப் பஞ்சமே இல்லை. ஐஎஸ்ஓ 200 ஃபிலிம் போட்டு லென்ஸ் துவாரம் எஃப்/11, ஷட்டர் 1/500 நொடி வைத்தால் காலை எட்டு மணியிலிருந்து சாயங்காலம் வரை மணலில் ஏறக்குறைய அதே அளவுதான், ஒரு ஸ்டாப் (வெளிச்சம் இரட்டிப்பு அல்லது பாதி) முன்னே பின்னே. 35 மிமீ லென்ஸை எஃப்/11-இல் நாலு மீட்டரில் வைத்துவிட்டால் இரண்டு மீட்டரிலிருந்து தொடுவானம் வரை தெளிவு. அப்புறம் ஃபோகஸ் என்ற வேலையே இல்லை. கண்ணில் வைத்த நொடியில் ஷட்டர். எவ்வளவு வேகமான ஆட்டோஃபோகஸும் முதலில் எதைப் பிடிப்பது என்று யோசிக்க வேண்டும். இது யோசிக்காது.

இன்னொன்று, வியூஃபைண்டரில் கட்டத்துக்கு வெளியே நடப்பதும் தெரியும். கரைவலை இழுக்கும்போது இந்தக் கயிற்றிலிருந்து ஒருவர் கையை விட்டு அந்தக் கயிற்றுக்கு ஓடுவார். அவர் கட்டத்துக்குள் வருவதற்கு முன்பே உனக்குத் தெரிந்திருக்கும். லென்ஸ் வழியாகப் பார்ப்பவனுக்கு அவர் உள்ளே வந்த பிறகுதான் தெரியும். அதோடு எம்6 லென்ஸோடு ஒரு கிலோவுக்குள். அந்த நிக்கான் ஜோடி மூன்று கிலோவுக்குப் பக்கம். சின்னக் கேமரா என்றால் யாரும் கண்டுகொள்ள மாட்டார்கள்.

டவுன் ஸ்டூடியோ
ராமநாதபுரத்தில் கல்யாணம் எடுத்துப் பிழைக்கிறவன் நான். எஃப்/11 கதை உச்சிவெயிலுக்குச் சரி. ஆனால் பாசிக்குப் போகிறவர்கள் வத்தைப் படகில் ஏறுவது விடியும் முன். அந்த இருட்டில் எஃப்/2-க்குத் திறந்தாக வேண்டும். மூன்று மீட்டரில் ஃபோகஸ் வைத்தால் இரண்டரையிலிருந்து மூன்றரை வரைதான் தெளிவு. ஆடுகிற வத்தையில் நின்றுகொண்டு அந்தச் சின்ன மஞ்சள் சதுரத்தில் இரண்டு பிம்பத்தை ஒன்று சேர்க்கப் போகிறீர்களா? முகம் இங்கே இருக்கும், ஃபோகஸ் பின்னால் பாய்மரத்தில் இருக்கும். இசட்6 கண்ணைப் பிடித்துக்கொண்டு விடவே விடாது.

செலவையும் சொல்கிறேன். கலர் ரோல் ஒன்று ஆயிரம் ரூபாய்க்கு மேல். கழுவி ஸ்கேன் செய்ய கூரியரில் வெளியூர் அனுப்ப வேண்டும். 36 படம். ஒரு வருடம் என்கிறீர்கள், சாச்சா குறைத்துக் கொடுத்த பணமெல்லாம் ரோலுக்கே போய்விடும். பஸ்ஸில் தூக்கிக்கொண்டு அலையும்போது ஓர் அடி பட்டால் ரேஞ்ச்ஃபைண்டர் தள்ளிப்போகும். அதைச் சரிசெய்கிற ஆள் நம் மாவட்டத்தில் எனக்குத் தெரிந்து இல்லை.

கச்சான்
விடியற்காலையில் படகு நின்ற இடத்தில்தான் ஏறுவார்கள், ஓடிக்கொண்டே இல்லை. 35 மிமீ லென்ஸில் ரேஞ்ச்ஃபைண்டர் தப்புவது அபூர்வம். அதன் துல்லியம் கேமராவுக்குள் இருக்கும் இரண்டு கண்ணாடிகளுக்கு இடையிலான தூரத்தைப் பொறுத்தது, லென்ஸைப் பொறுத்தது இல்லை. அதனால் அகல லென்ஸுக்கு அது தேவைக்கு மேலேயே துல்லியம். 90, 135 என்று போகும்போதுதான் திணறும். நீங்கள் சொல்வது உண்மை, ஆனால் வேறு லென்ஸுக்கு. பிரெஞ்சுப் புகைப்படக்காரர் கார்த்தியே-ப்ரெஸ்ஸோன் 1950-இல் திருவண்ணாமலையில் ரமணரின் கடைசி நாட்களை எடுத்தார். அவர் வாழ்நாள் கருவி லைக்காதான். அவர் கையில் எந்தக் கண் பிடிக்கும் மெஷின் இருந்தது?

பனங்காடை
இல்லைதான். கேமரா உடம்புக்குள்ளேயே ஆட்டோஃபோகஸ் வைத்த முதல் எஸ்எல்ஆர் (லென்ஸ் வழியாகவே பார்க்கிற கேமரா) என்று பெயர் வாங்கிய மினோல்டா 7000 வந்ததே 1985-இல். 1950-இல் இருந்ததை வைத்து எடுத்தார். அவர் கிளம்பிய காலத்தில் மதுரைக்கு மாட்டுவண்டியிலும் போனார்கள், அதற்காக இன்று அப்படிப் போக முடியுமா?

அந்த இரண்டு மீட்டரிலிருந்து தொடுவானம் கணக்கும் கையளவு பிரிண்டுக்குப் போட்ட பழைய கணக்கு. சுவரில் மாட்டுகிற அளவுக்குப் பெரிதாக்கினால் அந்த ஓரங்கள் மசமசவென்று இருக்கும். ஸ்கேன் செய்து கம்ப்யூட்டரில் பெரிதாக்கிப் பார்த்தாலே தெரியும்.

டவுன் ஸ்டூடியோ
ஆட்டோஃபோகஸுக்கும் ஒரு வியாதி உண்டு, அதைச் சொல்லாவிட்டால் நியாயமில்லை. முகத்துக்கு முன்னால் வலை வந்தால் அது வலையைப் பிடிக்கும். கரையில் வலையைப் பிரித்துக் கோர்க்கிறவர்களை எடுக்கும்போது படத்துக்குப் படம் கண்ணி மட்டும் கூர்மையாக, பின்னால் ஆள் புகையாக. கண் தெரிந்தால் பிடிக்கும், கண்ணில் வலை விழுந்தால் குழம்பும். அந்த இடத்தில் நானே மேனுவலுக்கு மாற்றிவிடுவேன்.

சின்னப்பாலம்
உங்கள் சண்டையை மூன்று நாளாகப் படித்துக்கொண்டிருக்கிறேன். என் அம்மா பாசி எடுப்பவர், சின்ன வயதில் நானும் போயிருக்கிறேன். கச்சான் அண்ணன் எழுதியதில் ஒரு வரி உறுத்துகிறது. "சின்னக் கேமரா என்றால் யாரும் கண்டுகொள்ள மாட்டார்கள்." எங்களுக்குத் தெரியாமல் எடுக்க வசதி என்று அர்த்தமா? பெரிய லென்ஸ் வைத்து ரோட்டிலிருந்து எடுத்துவிட்டுப் போகிறவர்களும் உண்டு. கிட்ட வந்து சின்னதை வைத்துச் சட்டென்று எடுத்துவிட்டுப் போகிறவர்களும் உண்டு. எங்களுக்கு இரண்டும் ஒன்றுதான்.

நாங்கள் போகிற தீவுகள் மன்னார் வளைகுடா தேசியப் பூங்காவுக்குள் வருகின்றன. 1986-இல் பூங்கா ஆனது, அதற்கு முன்பிருந்தே எங்கள் ஆட்கள் அங்கே பாசி எடுக்கிறார்கள். எந்த இடத்தில் எடுக்கலாம், கூடாது என்று இன்னும் இழுபறி. முகம் தெரிகிற மாதிரி, பின்னால் எந்தத் தீவு என்று அடையாளம் தெரிகிற மாதிரி ஒரு படம் இணையத்தில் வந்தால் அதற்குப் பதில் சொல்ல வேண்டியது அம்மா, கேமராக்காரர் இல்லை. அதனால் எடுத்ததைக் காட்டச் சொல்வார்கள். அப்போதே காட்ட வேண்டும். "இது வேண்டாம்" என்றால் அவர்கள் கண் முன்னால் அழிக்க வேண்டும். ரோலில் எடுத்தால் இதை எப்படிச் செய்வீர்கள்?

இன்னொன்று. பாதி வேலை தண்ணீருக்குள்தான் நடக்கிறது. கண்ணாடி மாட்டி, விரலில் துணி சுற்றி, மூச்சைப் பிடித்துக்கொண்டு பாறையிலிருந்து மரிக்கொழுந்து பாசியைப் பிய்க்கிற வேலை. மேலே நின்றுகொண்டு எந்தக் கேமராவில் எடுத்தாலும் தலை வருவதும் போவதும்தான் கிடைக்கும்.

கச்சான்
தங்கச்சி, கண்டுகொள்ள மாட்டார்கள் என்றது மிரளமாட்டார்கள் என்ற அர்த்தத்தில். திருடி எடுக்கச் சொல்லவில்லை. கேட்டுவிட்டு எடுத்தாலும், மூன்று கிலோ குழாயை முகத்துக்கு நேரே நீட்டினால் யாரும் இயல்பாக இருக்க மாட்டார்கள். ரோலில் எடுப்பவர் பிரிண்ட் போட்டுக் கொண்டுவந்து கொடுக்கலாம். கையில் ஒரு படம் இருப்பது திரையில் பார்ப்பதைவிட மேல்.

சின்னப்பாலம்
பிரிண்ட் சந்தோஷம்தான் அண்ணே, வேண்டாம் என்று யார் சொன்னது. ஆனால் அது வருகிற வரைக்கும் என்ன எடுத்தீர்கள் என்று எங்களுக்குத் தெரியாது, உங்களுக்கும் தெரியாது.

உப்பளம்
நடுவில் வந்து சொல்கிறேன், ஃபியூஜி எக்ஸ்100 ஆறாவது பதிப்பு வாங்கிவிட்டால் சண்டை முடிந்தது. ரேஞ்ச்ஃபைண்டர் மாதிரி இருக்கும், ஆட்டோஃபோகஸும் உண்டு.

டவுன் ஸ்டூடியோ
மாதிரி இருக்கும், ரேஞ்ச்ஃபைண்டர் கிடையாது. லென்ஸ் மாற்ற முடியாது, பூநாரை அவுட். தூசி, சாரல் தாங்க வேண்டும் என்றால் முன்னால் தனியாக ஒரு வளையமும் ஃபில்டரும் வாங்கிப் போட வேண்டும். வாடைக்காற்று அடிக்கிற நாளில் தனுஷ்கோடி அரிச்சல்முனையில் மணல் எப்படிப் பறக்கும் என்று உங்களுக்கே தெரியும். நல்ல கேமராதான், இந்தக் கேள்விக்கு இல்லை.

கீழக்கரையான்
சின்னப்பாலம் அக்கா, நீங்கள் சொன்ன கோணம் எனக்குத் தோன்றவே இல்லை. வீட்டில் அதைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்தோம். கச்சான் அண்ணே, ஒருவேளை எம்6 வாங்கினால் என்னென்ன பார்த்து வாங்க வேண்டும்? சாச்சா அதைப் பல வருடமாகத் தொடவில்லை.

கச்சான்
லென்ஸைக் கழற்றி, பின்பக்கமிருந்து டார்ச் அடித்துப் பார். சிலந்தி வலை மாதிரி வெள்ளை நூல் தெரிந்தால் பூஞ்சை. சிங்கப்பூர் ஈரத்தில் மூடியே வைத்திருந்தால் வரும், நம் ஊரிலும் வரும். காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல் போட்டு வை. ரேஞ்ச்ஃபைண்டரைச் சோதிக்கக் கடைக்குப் போக வேண்டாம். உங்கள் கீழக்கரை லைட் ஹவுஸைத் தூரத்திலிருந்து பார், லென்ஸ் முடிவிலியில் இருக்கும்போது இரண்டு பிம்பமும் ஒன்றின் மேல் ஒன்று உட்கார வேண்டும். மேலே கீழே விலகினால் ஆள் தேட வேண்டியதுதான்.

ஷட்டர் துணியைப் பார். அது ரப்பர் பூசிய துணி. மூடி போடாமல், லென்ஸை எஃப்/2-க்குத் திறந்தபடி சூரியனைப் பார்க்க விட்டால் துணியில் பொசுங்கி ஓட்டை விழும். கடற்கரையில் வேலை செய்கிறவனுக்கு இது நிஜமான ஆபத்து. மூடி போட்டால் இன்னொரு ஆபத்து: வியூஃபைண்டர் லென்ஸ் வழியாகப் பார்ப்பதில்லை, மூடியோடு ஒரு ரோல் முழுக்க எடுத்தாலும் உனக்குத் தெரியாது. வெளிச்சம் அளக்கிற மீட்டர் ஒரு பக்க அம்பையே காட்டிக்கொண்டிருந்தால் சந்தேகப்படு. பேட்டரி தீர்ந்தால் மீட்டர்தான் போகும், ஷட்டர் ஓடும்.

பனங்காடை
இவ்வளவு ஜாக்கிரதையாகக் காப்பாற்ற வேண்டிய பொருளை உப்புத் தண்ணீருக்குக் கொண்டு போகச் சொல்கிறார், கேட்டுக்கொள்ளுங்கள்.

கச்சான்
இரண்டு கிலோ லென்ஸை வத்தையில் வைத்துச் சாரல் வாங்கினால் மட்டும் பூப்பூக்குமா?

கீழக்கரையான்
முடிவு செய்துவிட்டேன், திட்டாதீர்கள். இசட்6 மட்டும் வாங்குகிறேன், 180-600 இப்போது இல்லை. அதற்குப் பதில் 40 மிமீ எஃப்/2, வெறும் 170 கிராம். கடனும் வேண்டியதில்லை. எடுத்ததை அங்கேயே காட்டலாம் என்பதுதான் காரணம், வேகம் இல்லை. பூநாரைக்கு அந்தச் சில நாளைக்கு மதுரையில் லென்ஸ் வாடகைக்கு எடுத்துக்கொள்கிறேன்.

பனங்காடை
வாடகைக்கு என்றால் முன்கூட்டியே சொல்லி வையுங்கள். தை பிறந்தால் கல்யாண சீசன், ஸ்டூடியோக்காரர்கள் எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு போய்விடுவார்கள். முதல் நாளே பறவைக் கழிக்குப் போகாதீர்கள். வீட்டு மாடியில் காக்காயை வைத்து ஒரு நாள் பழகுங்கள்.

கச்சான்
அந்த 40-இல் தூரக் கணக்கே பொறித்திருக்காது. வளையத்தைச் சுற்றினால் உள்ளே மோட்டார்தான் நகர்த்தும், எங்கே நின்றது என்று விரலுக்குத் தெரியாது. நான் சொன்ன நாலு மீட்டர் வேலை அதில் நடக்காது. ஒன்று செய். சாச்சாவின் 35-ஐ மட்டும் வாங்கு. எம் லென்ஸை இசட் உடம்பில் மாட்ட அடாப்டர் கிடைக்கிறது. இசட் மவுண்ட்டிலிருந்து சென்சார் வரை ஆழம் 16 மிமீ, எம் லென்ஸுக்கு 27.8 வேண்டும், நடுவில் இடம் தாராளம். மூலைகள் ஃபிலிமில் வருகிற அளவுக்குக் கூர்மையாக வராது, எஃப்/8, 11-இல் பெரிதாகத் தெரியாது. தூரத்தைக் கையால் வைத்துக்கொள்ளலாம், எடுத்ததைத் தங்கச்சி சொன்ன மாதிரி அங்கேயே காட்டலாம்.

கீழக்கரையான்
நல்ல யோசனை அண்ணே, உடனே போன் போட்டேன். பிரித்துத் தர மாட்டாராம். "உடம்பு ஓரிடம், உசுரு ஓரிடமா?" என்று கேட்கிறார்.

டவுன் ஸ்டூடியோ
தம்பி, அப்படியானால் ஜோடியாக நானே எடுத்துக்கொள்கிறேன். சாச்சா நம்பரைத் தனிச்செய்தியில் அனுப்புங்கள்.

கச்சான்
ரிப்பேருக்கு ஆள் இல்லை, ரோலுக்குக் காசு போதாது என்று சொன்னவர் நீங்கள்தானே? தம்பி, முதலில் எனக்கு அனுப்பு.