ஸ்டியரிங் குறைபாட்டுக்காகத் திரும்ப அழைக்கப்பட்ட பஸ்: உதிரிபாகம் வரும்வரை ஓட்டலாமா?

ராசிபுரத்துக்காரன்

எல்லோருக்கும் வணக்கம். 2021இல் தயாரான பஸ் ஒன்றை முதல் உரிமையாளரிடமிருந்து வாங்கி ஓட்டிக்கொண்டிருக்கிறோம். வார நாள்களில் நூற்பாலைக்கு ஷிப்ட் ஆட்களை ஏற்றும் வண்டி. விடுமுறை நாள்களில் கொல்லிமலைக்கு வாடகைக்குப் போகும்.

சேஸிஸ் தயாரித்த நிறுவனம் இந்த மாடலைத் திரும்ப அழைத்திருக்கிறது என்பதே, இதே வண்டி வைத்திருக்கும் சேலத்து நண்பர் சொல்லித்தான் தெரிந்தது. எங்களுக்கு வரவேண்டிய கடிதம் பழைய உரிமையாளரின் முகவரிக்குப் போயிருக்கிறது. ஸ்டியரிங்கை முன் சக்கரத்தோடு இணைக்கும் கம்பியான டிராக் லிங்க்கின் பால் ஜாயிண்ட் (குண்டு மூட்டு) சரியாகச் சூடுகாட்டிப் பதப்படுத்தப்படவில்லை, விரிசல் விட்டு முறியக்கூடும் என்பது கடிதத்தின் சாரம். சேஸிஸ் எண்ணைக் கொடுத்துக் கேட்டேன். எங்கள் வண்டியும் பட்டியலில் இருக்கிறது. ஆனால் சர்வீஸ் சென்டரில், "சாமான் இருப்பில் இல்லை, வந்ததும் கூப்பிடுகிறோம், அதுவரை மெதுவாக ஓட்டுங்கள்" என்று வாய்மொழியாகச் சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

வண்டியில் இப்போது எந்தத் தொந்தரவும் இல்லை. ஸ்டியரிங்கில் ஆட்டம் இல்லை, ஒரு பக்கம் இழுக்கவும் இல்லை. ஊர் மெக்கானிக் வெளிச் சந்தை லிங்க் ஒன்றை மாட்டித் தருவதாகச் சொல்கிறார். மாட்டினால் நிறுவனம் பின்னால் இலவசமாக மாற்றித் தர மறுக்குமா? வண்டியை நிறுத்தினால் மில் ஒப்பந்தம் கைவிட்டுப் போகும். ஓட்டினால் மலையில் 70 கொண்டை ஊசி வளைவுகள். அனுபவம் உள்ளவர்கள் வழி சொல்லுங்கள்.

பட்டறை ஆறுமுகத்தான்

தம்பி, முதலில் மலை வாடகையை நிறுத்துங்கள். மற்றதைப் பிறகு பேசலாம்.

டிராக் லிங்க் என்ன வேலை செய்கிறது என்று பாருங்கள். ஸ்டியரிங் பாக்ஸிலிருந்து கீழே தொங்கும் டிராப் ஆர்ம் முன்னும் பின்னும் அசைகிறது. அந்த அசைவை முன் சக்கரத்துக்குக் கொண்டுபோவது டிராக் லிங்க். ஒரு சக்கரம் திரும்பினால் டை ராட் மற்ற சக்கரத்தையும் திருப்பும். ஆக, டிரைவரின் கைக்கும் இரண்டு முன் சக்கரங்களுக்கும் நடுவே இருப்பது அந்த ஒரே ஒரு கம்பிதான். மாற்று வழி கிடையாது.

பவர் ஸ்டியரிங் எண்ணெய் ஒழுகினாலோ பம்ப் நின்றாலோ ஸ்டியரிங் கனத்துவிடும். ஆனாலும் பலம் போட்டால் சக்கரம் கேட்கும், ஓரம் கட்டிவிடலாம். டிராக் லிங்க் முறிந்தால் நடப்பது இதற்கு நேர் எதிர். ஸ்டியரிங் காற்றாடி போலச் சுற்றும், சக்கரம் அதன் போக்கில் போகும். எவ்வளவு தேர்ந்த டிரைவராக இருந்தாலும் பிரேக்கை மிதிப்பதைத் தவிர வேறொன்றும் செய்ய முடியாது.

"ஆட்டம் இல்லை" என்று எழுதியிருக்கிறீர்கள். அதை வைத்து நிம்மதி அடையாதீர்கள். ஆட்டம் என்பது தேய்மானத்தின் அடையாளம். மெல்ல மெல்லத் தேயும் பால் ஜாயிண்ட் முன்கூட்டியே சத்தம் கொடுக்கும், குலுங்கும், டயரை ஒரு பக்கமாகத் தின்னும். பதப்படுத்தலில் குறை உள்ள இரும்பு அப்படி இல்லை. மயிரிழை விரிசல் உள்ளே வளர்ந்துகொண்டே போகும், வெளியே ஒன்றும் தெரியாது. காந்தத் துகளைத் தூவி விரிசலைக் காட்டும் காந்தத் துகள் சோதனை போல ஏதாவது செய்தால்தான் கண்டுபிடிக்க முடியும். அந்த வசதி சாலையோரப் பட்டறையில் இருக்காது. கொண்டை ஊசி வளைவில் ஸ்டியரிங்கை முழுக்க ஒடிக்கும்போதும், நின்ற இடத்திலேயே சக்கரத்தைத் திருப்பும்போதும்தான் அந்த மூட்டுக்கு அதிகச் சுமை. மில் வாசலில் ரிவர்ஸ் எடுக்கும்போதுகூட அது நடக்கிறது.

இன்னொன்று. வெல்டிங் வைக்கலாம், சூடுகாட்டி நிமிர்த்தலாம் என்று யாராவது சொன்னால் அந்தப் பக்கமே போகாதீர்கள். டிராப் ஆர்ம், டிராக் லிங்க் எல்லாம் பதம் பார்த்து அடித்த உருப்படிகள். நெருப்பைக் காட்டிய நொடியில் அந்தப் பதம் போய்விடும்.

மேட்டூர் டிராவல்ஸ்

பத்தாயிரம் வண்டியில் ஒன்றிரண்டு முறியலாம், அதற்காக எல்லோரையும் பயமுறுத்துகிறார்கள் என்பது என் எண்ணம். கடன் தவணை கட்டுகிறவனுக்குத்தான் வண்டி நிற்கும் வலி தெரியும். நாற்பது கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டாமல் ஓட்டினால் என்ன ஆகிவிடும்?

ஓய்வுபெற்ற ஆய்வாளர்

மேட்டூர் நண்பரே, தவணையின் வலி எனக்கும் தெரியும். ஆனால் எதிரே இருசக்கர வாகனம் வரும்போது நாற்பதும் வேகம்தான். நிறைந்த பஸ்ஸின் எடையை நினைத்துப் பாருங்கள். எத்தனை வண்டியில் ஒன்று முறியும் என்ற கணக்கு நிறுவனத்துக்கு உதவும். அந்த ஒரு வண்டியில் உட்கார்ந்திருக்கும் மில் பெண்களுக்கு உதவாது.

போக்குவரத்துத் துறையில் வாகன ஆய்வாளராக இருந்தவன் என்ற முறையில் சட்ட நிலையையும் சொல்கிறேன். 2019ஆம் ஆண்டு மோட்டார் வாகனத் திருத்தச் சட்டம் 110-ஏ பிரிவைக் கொண்டுவந்தது. ஓட்டுநருக்கோ பயணிகளுக்கோ சாலையில் செல்லும் பிறருக்கோ தீங்கு விளைவிக்கும் குறை இருந்தால், வண்டிகளைத் திரும்ப அழைக்கும்படி மத்திய அரசு தயாரிப்பாளருக்கு உத்தரவிடலாம். குறையைச் சரிசெய்வதோ, வண்டியை மாற்றித் தருவதோ, விலையைத் திருப்பித் தருவதோ தயாரிப்பாளரின் பொறுப்பு. இதற்கான விதிகள் 2021 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கின்றன. ஏழு வயதுக்கு உட்பட்ட வண்டிகளுக்கு இவை பொருந்தும். உங்கள் வண்டி அதற்குள் வருகிறது. கட்டாயமாகத் திரும்ப அழைக்கும்படி உத்தரவானால் 10 லட்சம் முதல் 1 கோடி ரூபாய் வரை அபராதமும் உண்டு. தாமாக முன்வந்து அழைக்கிற நிறுவனத்துக்கு அந்த அபராதம் இல்லை. ஓடாத நாள்களின் வருமானத்தைப் பற்றி அந்தப் பிரிவு ஒன்றும் பேசவில்லை. அதைக் கேட்பதானால் தனி வழி தேட வேண்டும்.

உங்கள் பங்குக்கும் ஒன்று இருக்கிறது. 1989ஆம் ஆண்டு மத்திய மோட்டார் வாகன விதிகளில் 98ஆவது விதி, ஸ்டியரிங் சக்கரத்தின் வெற்று ஆட்டம் (வண்டிச் சக்கரம் திரும்பாமல் ஸ்டியரிங் மட்டும் அசையும் அளவு) 30 டிகிரியைத் தாண்டக்கூடாது என்கிறது. பால் ஜாயிண்ட்களுக்கு ரப்பர் உறை இருக்க வேண்டும், இணைப்பு போல்ட்டுகளும் பின்களும் கழலாதபடி பூட்டப்பட்டிருக்க வேண்டும் என்றும் சொல்கிறது. எஃப்.சி. (வண்டியின் தகுதிச் சான்று) கையில் இருக்கிறது என்பதற்காக இந்தக் கடமை போய்விடாது.

காவிரிக்கரை பஸ் சர்வீஸ்

ராசிபுரம் நண்பருக்கு நடைமுறை வழி சொல்கிறேன். எங்கள் வண்டி ஒன்று வேறொரு குறைக்காகத் திரும்ப அழைக்கப்பட்டபோது இப்படித்தான் முடித்தோம்.

வாய்மொழிப் பதிலை ஏற்காதீர்கள். ஆர்.சி. நகல், சேஸிஸ் எண், தற்போதைய முகவரி, தொலைபேசி எண் எல்லாவற்றையும் சேர்த்து நிறுவனத்தின் தலைமை வாடிக்கையாளர் பிரிவுக்கு மின்னஞ்சல் அனுப்புங்கள். சர்வீஸ் சென்டருக்கு நகல் போகட்டும். அதில் ஒரே ஒரு கேள்வியைத் தெளிவாகக் கேளுங்கள்: "சாமான் வரும்வரை இந்த வண்டியில் பயணிகளை ஏற்றலாமா? ஆம் அல்லது இல்லை என்று எழுத்தில் தரவும்." கவுண்டரில் "மெதுவாக ஓட்டுங்கள்" என்று சொல்கிறவர் அதை எழுதிக் கையெழுத்துப் போடமாட்டார். எங்களுக்கு அந்தக் கேள்விக்குப் பிறகுதான் மேலிடத்திலிருந்து அழைப்பே வந்தது.

"ஓட்டாதீர்கள்" என்று வெளிப்படையாகச் சொன்ன முன்னுதாரணமும் இருக்கிறது. 2024 ஆகஸ்டில் மாருதி சுசூகி 2,555 ஆல்டோ கே10 கார்களை ஸ்டியரிங் கியர்பாக்ஸ் குறைக்காகத் திரும்ப அழைத்தபோது, பாகம் மாற்றப்படும்வரை வண்டியைப் பயன்படுத்த வேண்டாம் என்று உரிமையாளர்களிடம் கேட்டுக்கொண்டது. சில பேர் போகும் காருக்கே அப்படிச் சொல்லும்போது, பஸ்ஸுக்கு அந்தக் கேள்வியைக் கேட்க நமக்கு முழு உரிமை இருக்கிறது.

வெளிச் சந்தை லிங்க் வேண்டாம். அது எந்தத் தரத்தில் வந்தது என்று யாருக்கும் தெரியாது. பிறகு ஏதாவது நடந்தால் நிறுவனம் அதையே காரணம் காட்டும். மில்லுக்கு, பக்கத்து ஊர் வண்டி ஒன்றைத் துணை ஒப்பந்தமாகப் போடுங்கள். லாபம் இருக்காது, ஆனால் ஒப்பந்தம் உங்கள் பெயரிலேயே நிற்கும்.

இருபது வருட ஸ்டியரிங்

நான் டிரைவர். முதலாளிகள் பேசிக்கொள்ளும் இடத்தில் ஒரு வேண்டுகோள். இப்படிக் கடிதம் வந்திருந்தால் டிரைவரிடமும் சொல்லிவிடுங்கள். காரவள்ளியிலிருந்து மலை ஏறும்போது எங்களுக்கு ஒரு பக்கம் பாறை, மறு பக்கம் பள்ளம். கையில் இருக்கிற வண்டியைப் பற்றி எங்களுக்குத் தெரியாத ஒன்று உங்களுக்குத் தெரிந்திருக்கக் கூடாது. வண்டி எடுக்க மறுத்த டிரைவரைச் சோம்பேறி என்று சொல்லும் முதலாளிகளையும் பார்த்திருக்கிறேன்.

ராசிபுரத்துக்காரன்

எல்லோருக்கும் நன்றி. வண்டியை நிறுத்திவிட்டேன். டிரைவரிடம் கடிதத்தைப் படித்துக் காட்டினேன். மில் மேலாளர் காரணத்தைக் கேட்டதும் மாற்று வண்டிக்கு ஒப்புக்கொண்டார். தன் ஆட்களின் பாதுகாப்பு பற்றிய விஷயம் என்பதால் எதிர்ப்பு இல்லை.

காவிரிக்கரை அண்ணன் சொன்ன கேள்வியை அப்படியே அனுப்பினேன். பயணிகளை ஏற்ற வேண்டாம் என்று எழுத்தில் பதில் வந்தது. அடுத்து, வேறு மாவட்டக் கிடங்கிலிருந்து சாமான் வரவழைத்து மாட்டிக் கொடுத்தார்கள். செய்த வேலையைக் குறிக்கும் ஜாப் கார்டில் திரும்ப அழைப்பின் எண்ணையும் புதிய பாகத்தின் எண்ணையும் எழுதி வாங்கிக்கொண்டேன். வீல் அலைன்மென்ட்டும் பார்த்தார்கள், கட்டணம் இல்லை.

பட்டறை ஆறுமுகத்தான்

நல்லது தம்பி. சில நாள் ஓடியதும் ஒரு முறை கீழே படுத்து அந்த மூட்டின் நட்டையும் அது கழலாமல் பூட்டும் காட்டர் பின்னையும் பாருங்கள். ஒருவர் மேலே ஸ்டியரிங்கை இப்படியும் அப்படியும் ஆட்ட, ஒருவர் கீழே மூட்டில் கை வைத்துப் பார்க்க வேண்டும். இன்ஜின் ஓடட்டும், ஆனால் ஹேண்ட் பிரேக் போட்டுச் சக்கரத்துக்குக் கட்டை வைத்த பிறகு.

ராசிபுரத்துக்காரன்

செய்கிறேன் ஐயா. இன்னொரு உதவி வேண்டும். பழைய உரிமையாளர் இதே மாடலில் இன்னொரு வண்டியைத் தருமபுரிப் பக்கம் ஒருவருக்கு விற்றிருக்கிறார். அந்த வண்டிக்கான கடிதமும் அவரிடமே கிடக்கிறது. வாங்கியவரின் எண் இப்போது வேலை செய்யவில்லை. தருமபுரி, அரூர், பாலக்கோடு பகுதியில் பஸ் வைத்திருப்பவர்கள் 2021 மாடல் பழைய வண்டி வாங்கியிருந்தால், தயவுசெய்து இன்றே சேஸிஸ் எண்ணைச் சரிபாருங்கள். வண்டி எண் எனக்குத் தெரியும். பொருந்துகிறதா என்று தனிச் செய்தியில் சொல்கிறேன்.